பார்த்து வாங்கிய பழைய பெட்டி

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

கிள்ளானில் வசிக்கும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி, பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுப் பொருள் அறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். மூலையில் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றில் ஒரு பழைய வீடியோ விளையாட்டு இயந்திரம் இருந்தது. அதனுடன் இரண்டு கைப்பிடிகள், ஒரு நெகிழித் துப்பாக்கி, நான்கு கேசட்டுகள் ஆகியவையும் இருந்தன. அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் சிறுவர்களாக இருந்தபோது மாலை வேளைகளில் மாறி மாறி விளையாடிய இயந்திரம் அது. ஜப்பானில் 1983ஆம் ஆண்டு வெளிவந்த ஃபாமிகாம் என்னும் இயந்திரத்தைப் பின்பற்றித் தைவானில் செய்யப்பட்டது. இத்தகைய இயந்திரங்கள் 1990களில் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் இருந்தன.

அம்மாணவியின் அப்பா ஜொகூர் பாருவில் வேலை செய்கிறார். மாதத்திற்கு ஒரு முறைதான் வீட்டிற்கு வருவார். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். அன்று அவரைப் பழையபடி விளையாட வைக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம் 150 ரிங்கிட் அவள் கையில் இருந்தது.

முதலில், வரவேற்பறையில் இருந்த தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் இயந்திரத்தை இணைத்துப் பார்த்தாள். படம் வந்தது, ஆனால், ஓரங்கள் தெளிவில்லாமல் அப்பியதுபோல் இருந்தன. பள்ளத்தைத் தாண்டக் குதித்தால் பாத்திரம் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகக் குதித்துப் பள்ளத்திலேயே விழுந்தது. துப்பாக்கியால் வாத்தைச் சுட்டால் ஒரு வாத்தும் விழவில்லை.

“சித்தப்பா, இயந்திரம் பழுதாகிவிட்டதா?” என்று கேட்டாள்.

“இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. அது பேசுகிற மொழி இந்தத் தொலைக்காட்சிக்குத் தெரியவில்லை. இதற்குப் படக்குழாய் உள்ள பழைய பெட்டி வேண்டும்,” என்றார் சித்தப்பா. அவர் படக்குழாய்களைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவர். அந்நாளில் ஷா ஆலாமிலும் சிரம்பானிலும் அத்தகைய தொழிற்சாலைகள் இயங்கின.

படக்குழாய் எவ்வாறு இயங்குகிறது?

1897ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கத்தோடுக் கதிர்க் குழாயை உருவாக்கினார். பழைய தொலைக்காட்சியின் படக்குழாய் அதன் வழித்தோன்றலே. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து மின்னணுக் கற்றை முன்பக்கத் திரையை நோக்கிப் பாய்கிறது. திரையின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு பூசப்பட்டிருக்கும். கற்றை பட்ட இடம் ஒளிர்கிறது. வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்கு மூன்று கற்றைகள் உள்ளன. குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்கள் காந்தப் புலத்தால் அக்கற்றைகளை வளைக்கின்றன. இதனால், கற்றைகள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடிப் படத்தை வரைகின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணப் படக்குழாய்த் தொலைக்காட்சி படத்தைச் சேமித்து வைப்பதில்லை. இயந்திரம் ஒரு வரியை அனுப்பும்போதே அந்த வரி திரையில் வரையப்படுகிறது. தட்டைத் திரையோ முதலில் படத்தை உள்வாங்கி, அதன் அளவை மாற்றி, அதன் பிறகே காட்டுகிறது. பழைய விளையாட்டுகள் வினாடிக்கு 50 அல்லது 60 படங்களை அனுப்புகின்றன. அவற்றில் இரண்டு மூன்று படங்கள் தாமதமானாலே போதும். பள்ளத்தின் விளிம்பில் குதிக்க வேண்டியவர் உள்ளே விழுந்துவிடுவார்.

படம் அப்பியதுபோல் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. இவ்வகை இயந்திரம் ஒரு படத்தை ஏறத்தாழ 240 வரிகளில் அமைக்கிறது. இன்றைய முழு உயர்தெளிவுத் திரையில் 1,080 வரிகள் உள்ளன. 1,080ஐ 240ஆல் வகுத்தால் 4.5 கிடைக்கும். ஒரு வரியை நான்கரை வரியாக நீட்டும்போது அந்த அரை வரியைப் பக்கத்து வரியோடு கலக்க வேண்டியுள்ளது. அதனால்தான் ஓரங்களில் தெளிவு குறைகிறது.

துப்பாக்கியின் கதை இன்னும் சுவையானது. அதிலிருந்து எந்தக் கதிரும் வெளியே பாய்வதில்லை. அதன் முனையில் ஒளியை உணரும் கருவி இருக்கிறது. நாம் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகிறது. பிறகு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றி மறைகிறது. துப்பாக்கி அந்த வெள்ளை ஒளியை உரிய நேரத்தில் கண்டால் வாத்து விழும். தட்டைத் திரையில் அந்த ஒளி தாமதமாக வருகிறது. மேலும், துப்பாக்கி எதிர்பார்க்கும் படக்குழாயின் துடிப்பும் அவ்வொளியில் இல்லை. ஆகவே, எத்தனை கூர்மையாகக் குறிபார்த்தாலும் பயனில்லை.

எதற்காக வாங்குகிறோம்?

“கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு தாளை எடு. இந்தப் பெட்டி நமக்கு எதற்காக வேண்டும் என்று எழுது,” என்றார் சித்தப்பா. அவள் நான்கு வரிகள் எழுதினாள்.

ஒன்று, மஞ்சள் செருகி பொருந்த வேண்டும். இரண்டு, துப்பாக்கி வேலை செய்ய வேண்டும். மூன்று, பாட்டி வீட்டு முன்னறையில் அடங்க வேண்டும். நான்கு, 150 ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது.

பயன்படுத்திய பொருளை வாங்கும்போது இத்தகைய குறிப்பு மிகவும் உதவும். கடையில் ஒரு பொருளைப் பார்த்ததும் மனம் அதன் அழகில் மயங்கும். விற்பவரின் பேச்சில் இளகும். கையில் உள்ள தாள் நமக்கு நம் தேவையை நினைவூட்டும்.

செருகிகளைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நன்று. பழைய தொலைக்காட்சிகளில் வானலைவாங்கிக்கான துளை கட்டாயம் இருக்கும். பெரும்பாலானவற்றில் படத்திற்கு மஞ்சள் துளையும் ஒலிக்கு வெள்ளை, சிவப்புத் துளைகளும் இருக்கும். சிலவற்றில் எஸ்-வீடியோ என்னும் வட்டமான துளை உண்டு. அது மஞ்சள் செருகியைவிடத் தெளிவான படத்தைத் தரும். பிற்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் படத்திற்கென்றே பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று துளைகள் உண்டு. அவை இன்னும் தெளிவானவை. ஆனால், நம் இயந்திரத்தில் மஞ்சள் செருகி மட்டும் இருந்தால் மற்ற துளைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

இயந்திரம் எந்த நாட்டிற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பால் என்னும் வண்ண முறை வழக்கில் இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. முறை இருந்தது. பால் முறையை மட்டும் அறிந்த பெட்டியில் ஜப்பானிய இயந்திரத்தை இணைத்தால் படம் நிறமின்றித் தெரியலாம் அல்லது உருண்டு ஓடலாம். ஜப்பானிய வீடுகளில் மின்னழுத்தம் 100 வோல்ட்டு மட்டுமே. ஆகவே, அந்நாட்டு இயந்திரத்தோடு வந்த மின்னேற்பியை நம் வீட்டுச் சுவரில் நேரடியாகச் செருகக்கூடாது.

கடையில் மூன்று பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் விளையாட்டு இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குச் சென்றனர். அங்கு மூன்று படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இருந்தன.

“வாங்க தம்பி, மூன்றும் நன்றாக ஓடும்,” என்றார் கடைக்காரர்.

“சரி அண்ணே, ஓட விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம்,” என்றார் சித்தப்பா.

முதல் பெட்டி 29 அங்குலம். வெள்ளி நிறம், தட்டையான முகப்பு, கீறல் ஒன்றுகூட இல்லை. விலை 150 ரிங்கிட். இரண்டாவது 21 அங்குலப் பெட்டி. அதன் முகப்பும் தட்டையானது. விலை 60 ரிங்கிட். மூன்றாவதும் 21 அங்குலம்தான். திரை சற்று வளைந்திருந்தது. உடல் முழுவதும் தூசி படிந்திருந்தது. விலை 80 ரிங்கிட்.

மாணவியின் கண் முதல் பெட்டியிலேயே நின்றது. “சித்தப்பா, இதையே எடுத்துக்கொள்வோமா? அப்பா பார்த்தால் அசந்துபோவார்,” என்றாள். சித்தப்பா மறுக்கவில்லை. “நம் துப்பாக்கியையே கேட்டுப் பார்ப்போம்,” என்று மட்டும் சொன்னார்.

சோதித்துப் பார்த்தல்

சோதனையை மின்சாரம் ஏற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அணைந்திருக்கும் திரையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் கீறல்கள் தெரியும். ஒரே படம் நெடுங்காலம் ஓடியிருந்தால் அதன் நிழல் திரையில் கறையாகப் பதிந்திருக்கும். மின்கம்பி வெடித்துள்ளதா, பின்மூடியில் தீய்ந்த தடம் உள்ளதா, செருகும் துளைகள் ஆடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தொலை இயக்கி இல்லையென்றால், படத்தின் மூலத்தை மாற்றும் பொத்தான் முகப்பில் உள்ளதா என்று உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பொத்தானும் இல்லாவிட்டால் மஞ்சள் துளை இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளுக்கும் மின்சாரம் ஏற்றினார். திரைகளில் வெள்ளைப் புள்ளிகள் பனிபோல் மொய்த்தன. “ஐயா, இவை பழுதா?” என்று மாணவி கேட்டாள். “இல்லை, பாப்பா. வானலைவாங்கி வழியாக வந்த பழைய ஒளிபரப்பு இப்போது இல்லை. அதனால்தான் இப்படி,” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மையே. மலேசியாவில் பழைய முறை ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு முற்றாக நின்றது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டின் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. ஆகவே, இப்பெட்டிகளைச் சோதிக்க நம் விளையாட்டு இயந்திரத்தையே கொண்டு செல்ல வேண்டும்.

“ஏதோ கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிறதே!” என்றாள் மாணவி. சித்தப்பாவுக்கும் கடைக்காரருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பால் முறையில் ஒரு முழுப் படத்திற்கு 625 வரிகள்; வினாடிக்கு 25 முழுப் படங்கள். இரண்டையும் பெருக்கினால் 15,625 வரும். வினாடிக்கு அத்தனை முறை கற்றை ஓடித் திரும்புவதால் சில பாகங்கள் அதே வேகத்தில் அதிர்ந்து மெல்லிய ஓசையை எழுப்புகின்றன. வயது ஏற ஏற இத்தகைய உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறன் நமக்குக் குறைகிறது. ஆகவே, அவ்வோசை இளையோர் காதில் மட்டும் விழுவது இயல்பு. ஆனால், படபடவென்று பொரியும் ஓசை விடாமல் வந்தாலோ தீய்ந்த நாற்றம் வந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அப்பெட்டியை வாங்கக்கூடாது.

முதல் பெட்டியில் விளையாட்டு இயந்திரத்தை இணைத்தனர். படம் பெரிதாகவும் பளபளப்பாகவும் வந்தது. மாணவி துப்பாக்கியை எடுத்துச் சுட்டாள். வாத்து விழவில்லை. அருகில் சென்று சுட்டாள், அப்போதும் விழவில்லை. சித்தப்பா முகப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு வில்லையைச் சுட்டிக்காட்டினார். அதில் 100 ஹெர்ட்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது. பிற்காலத்தில் வந்த இவ்வகைப் பெட்டிகள், கண்ணுக்கு நடுக்கம் தெரியாமல் இருக்கப் படத்தை உள்ளே சேமித்து இரு மடங்கு வேகத்தில் காட்டும். திரைப்படம் பார்க்க அது வசதி. பழைய துப்பாக்கிக்கு அது தடை. தவிர, 29 அங்குலப் பெட்டி 40 கிலோகிராமையும் தாண்டும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதை மாணவி உணர்ந்தாள். தாளில் எழுதிய இரண்டாம் வரியின் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டாள்.

இரண்டாவது பெட்டியை இயக்கியதும் திரையின் குறுக்கே மயிரிழை போன்ற மெல்லிய கோடு தெரிந்தது. “இது பழுதான பெட்டி,” என்றாள் மாணவி. “அவசரப்படாதே,” என்றார் சித்தப்பா. 1968ஆம் ஆண்டு சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய டிரினிட்ரோன் வகைக் குழாய்களில், திரைக்குப் பின்னால் செங்குத்தான நுண்ணிய கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே ஒன்றிரண்டு கம்பிகளை வைத்திருப்பார்கள். அக்கம்பியின் நிழலே அந்தக் கோடு. அது பழுதன்று; அவ்வகைக் குழாயின் இயல்பு.

ஆயினும், சித்தப்பா அப்பெட்டியை 20 நிமிடம் ஓட விட்டார். தொடக்கத்தில் மங்கலாக இருந்த படம் அதன் பிறகும் தெளியவில்லை. கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டினார். வெள்ளைப் பகுதிகள் பூத்துப் பரவின. எழுத்துகளின் பின்னால் சிவப்பு நிறம் இழுபட்டது. நெடுங்காலம் உழைத்த குழாயில் மின்னணுக்களை வெளிவிடும் பாகம் வலுவிழக்கும்போது இவ்வாறு நிகழும். இக்குறையைத் திருகியைத் திருகிச் சரிசெய்ய இயலாது. புதிய குழாயும் எளிதில் கிடைக்காது. இவ்வாறு, பழுது என்று அவள் நினைத்தது பழுதாக இல்லை. உண்மையான பழுது பொறுமையாகக் காத்திருந்தபோதுதான் வெளிப்பட்டது.

மூன்றாவது பெட்டியில் படம் உடனே தெளிவாக வந்தது. ஆனால், வலப்பக்க மூலையில் பச்சைத் திட்டு ஒன்று இருந்தது. சித்தப்பா பெட்டியின் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய ஒலிபெருக்கி நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. அக்காந்தம் திரைக்குப் பின்னுள்ள உலோகத் தகட்டைக் காந்தமாக்கினால் கற்றை இடம் மாறி விழும்; நிறமும் மாறும். வண்ணத் தொலைக்காட்சிக்குள் இந்தக் காந்தத் தன்மையை நீக்கும் சுருள் ஒன்று இருக்கிறது. நெடுநேரம் அணைந்திருந்த பெட்டியை இயக்கும் கணத்தில் ‘தும்’ என்று கேட்பது அதன் ஓசையே. ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு, பெட்டியை அரை மணி நேரம் ஆற விட்டு மீண்டும் இயக்கினார்கள். பச்சைத் திட்டு பெரிதும் மறைந்திருந்தது.

பிறகு, விளையாட்டின் தொடக்கத் திரையில் நேர்கோடுகளைக் கவனித்தனர். ஓரங்களில் கோடுகள் இலேசாக வளைந்திருந்தன. எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தனித்தனியே பிரிந்து தெரியவில்லை. கறுப்புத் திரை திடீரென்று வெள்ளையாக மாறியபோதும் படம் விரிந்து சுருங்கவில்லை. இறுதியாக, மாணவி துப்பாக்கியை உயர்த்தினாள். வாத்து விழுந்தது.

“ஓரத்தில் கோடு வளைகிறதே, சித்தப்பா?”

“அந்த அளவு வளைவு புதிதாகச் செய்த குழாயிலும் இருக்கும், அம்மா. விளையாடும்போது கண்ணில் படாது.”

குறையே இல்லாத பழைய பொருள் கிடைப்பது அரிது. எந்தக் குறையோடு நம்மால் வாழ முடியும், எந்தக் குறை நாளடைவில் பெரிதாகும் என்று பிரித்தறிவதே வாங்குபவரின் திறமை. கோடு வளைவதையும் தூசியையும் பொறுத்துக்கொள்ளலாம். மங்கிய குழாயையும் தீய்ந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளக்கூடாது.

கடைக்காரர் தாமாகவே, “இதற்குத் தொலை இயக்கி இல்லை, தம்பி. 70 கொடுத்தால் போதும்,” என்றார். முகப்பில் மூலத்தை மாற்றும் பொத்தான் இருந்ததால் அது ஒரு குறையாகப் படவில்லை. மாணவி 70 ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தாள்.

தொடக்கூடாத பின்மூடி

வீட்டிற்குக் கொண்டு வருவதிலும் கவனம் தேவை. 21 அங்குலப் பெட்டி 20 கிலோகிராமுக்கும் மேல் இருக்கலாம். அந்தப் பாரத்தின் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில்தான் உள்ளது. அதனால், திரை தூக்குபவரின் மார்பை நோக்கி இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து தூக்குவதே பாதுகாப்பு. அவர்கள் அவ்வாறே தூக்கி வந்து, மகிழுந்தின் பின்னிருக்கையில், திரை சாய்மானத்தை நோக்கி இருக்கும்படி வைத்தார்கள்.

வீட்டிற்கு வந்ததும் மாணவி ஒரு திருப்புளியை எடுத்து வந்தாள். “உள்ளே எவ்வளவு தூசி இருக்குமோ! கழற்றித் துடைத்துவிடுகிறேன். மின்கம்பியைக்கூடப் பிடுங்கிவிட்டேன்,” என்றாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கழற்றாதே! மின்சாரம் இல்லாவிட்டாலும் இது உயிரைப் பறிக்கும்,” என்றார். அவர் குரல் அதுவரை இல்லாத கண்டிப்போடு ஒலித்தது.

வண்ணப் படக்குழாய் இயங்க 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவைப்படுகிறது. படக்குழாயே ஒரு மின்தேக்கியைப் போல் அம்மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கலாம். உள்ளே உள்ள மற்ற மின்தேக்கிகளிலும் அபாயம் உண்டு. குழாயின் கழுத்துப் பகுதி மிகவும் மெல்லியது. கருவி பட்டால் உடைந்துவிடும். ஆகவே, பின்மூடியைத் திறப்பது பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. சித்தப்பா தொழிற்சாலையில் வேலை செய்தவராக இருந்தும் அன்று மூடியைத் திறக்கவில்லை. வெளியே படிந்த தூசியை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தார்கள்.

அடுத்து, எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. மாணவி உயரமான அலமாரியைக் காட்டினாள். ஆனால், அவ்வீட்டில் நான்கு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். முன்பாரம் மிகுந்த இப்பெட்டி, குழந்தை பிடித்து இழுத்தால் முன்பக்கமாகக் கவிழும். அதனால், உறுதியான தாழ்ந்த மேசையில், விளிம்பிலிருந்து தள்ளி வைத்தார்கள். சூடு வெளியேறப் பின்புறம் இடைவெளி விட்டார்கள். ஒலிபெருக்கியை அறையின் மறுகோடிக்கு மாற்றினார்கள்.

பெட்டியின் கடைசி நாள்

பிறந்தநாள் அன்று மாலை, அப்பா துப்பாக்கியைக் கையில் வாங்கி நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். முதல் வாத்து தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது.

“பெட்டி சரியில்லையோ?” என்றார்.

“பெட்டியைச் சோதித்துத்தான் வாங்கினோம், அப்பா. உங்கள் கைதான் பழக்கம் விட்டுப்போயிற்று,” என்றாள் மகள். மூன்றாவது வாத்து விழுந்தது. அண்ணனும் தம்பியும் இரவு உணவுக்கு அழைத்தும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள், மாணவி ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரிகள் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டினாள். கடைக்குக் கொண்டு சென்ற தாளில் தங்களுக்கு வேண்டியதை எழுதியிருந்தாள். இத்தாளிலோ பெட்டிக்குத் தாங்கள் செய்ய வேண்டியதை எழுதினாள். வாங்கிய நாளும் விலையும் முதல் வரி. ‘பின்மூடியைத் திறக்காதீர்’ என்பது இரண்டாம் வரி. ‘காந்தத்தை அருகில் வைக்காதீர்’ என்பது மூன்றாம் வரி. ‘பழுதானால் உடைக்காமல், எறியாமல், மின்னியல் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பீர்’ என்பது நான்காம் வரி.

நான்காம் வரிக்குத் தகுந்த காரணம் உண்டு. வண்ணப் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. கதிர்வீச்சு வெளியே வராமல் தடுப்பதற்காக அதனைச் சேர்த்தார்கள். பெட்டி முழுமையாக இருக்கும்வரை அந்த ஈயத்தால் நமக்குத் தீங்கில்லை. குப்பைமேட்டில் உடைந்தால் அது மண்ணிலும் நீரிலும் கலக்கக்கூடும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள், படக்குழாய்க் கண்ணாடி உள்ள மின்னியல் கழிவை எஸ்.டபிள்யூ.110 என்னும் குறியீட்டின் கீழ்க் கட்டுப்பாட்டிற்குரிய கழிவாக வகைப்படுத்தியுள்ளன.

பழைய பொருளை வாங்குபவர் அதன் எஞ்சிய வாழ்நாளையும் சேர்த்தே வாங்குகிறார். எதற்காக வேண்டும் என்று தெளிந்து, கண்ணால் கண்டு, காதால் கேட்டு, பொறுமையோடு சோதித்து வாங்கினால் பணம் வீணாகாது. பாதுகாப்பாகப் பயன்படுத்தி, முறையாக விடைகொடுத்தால் பிறருக்கும் தீங்கு நேராது. படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு மட்டுமன்று, நாம் வாங்கும் மிதிவண்டி, கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றிற்கும் இது பொருந்தும்.

அருஞ்சொற்பொருள்

கற்றை – ஒன்றாகச் சேர்ந்து செல்லும் கதிர்களின் தொகுப்பு
வழித்தோன்றல் – ஒன்றன் வழியாகப் பின்னர் வந்தது
மின்னேற்பி – சுவர் மின்சாரத்தைக் கருவிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சாதனம்
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்
திருப்புளி – திருகாணியைக் கழற்றவும் பூட்டவும் உதவும் கருவி

கருத்துணர் கேள்விகள்

1. தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் வாத்து விழாததற்கான இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.
2. மாணவி முதலில் பழுது என்று எண்ணியவற்றுள் பழுதல்லாதவை யாவை? அவ்வாறு தோன்றியதற்கான காரணங்களை விளக்குக.
3. சித்தப்பா முதல் பெட்டியை உடனே மறுக்காமல் சோதித்துக் காட்டினார். இதிலிருந்து அவருடைய எந்தப் பண்பு வெளிப்படுகிறது?
4. ‘பழைய பொருளை வாங்குபவர் அதன் எஞ்சிய வாழ்நாளையும் சேர்த்தே வாங்குகிறார்.’ இக்கூற்றை உம் சொந்த நடையில் விளக்கி எழுதுக.
5. நீர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கப் போவதாகக் கொள்க. கடைக்குக் கொண்டு செல்லும் தாளில் எந்த நான்கு வரிகளை எழுதுவீர்? காரணத்துடன் கூறுக.